பக்கத்து எண்

எங்கள் ஆரணியில் தறிச் சத்தத்தில் தூங்கியவர்கள் உண்டு, தூக்கம் கெட்டவர்களும் உண்டு. அந்தச் சத்தத்தை டைப்ரைட்டிங் பரீட்சையில் சேர்க்கச் சொல்லி அரசாங்கத்துக்கே மனுப் போட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் டக்கடி மாஸ்டர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்திருப்பார். சொந்தப் பெயரை அவரே மறந்துவிட்டார் என்று ஊரில் பேச்சு.

அவருடைய இன்ஸ்டிட்யூட் ஒரு மாடியில் இருந்தது. கீழேயும் இரண்டு பக்கமும் தறி வீடுகள். மத்தியான வேளையில் அந்த டக்கடி-டக், டக்கடி-டக் ஜன்னல் வழியாக மிதந்து வரும். மாஸ்டர் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு லேசாக ஆடுவார். நாங்களும் ஆடுவோம். அறை முழுக்கத் தொட்டிலில் கிடப்பது போல இருக்கும். விரல்கள் எங்கேயோ தாமாகப் போய்க்கொண்டிருக்கும்.

"விரலப் பாக்காத. பேப்பரயும் ரொம்பப் பாக்காத. தறியக் கேட்டுகினே அடி, போதும்" என்பார்.

எழுபதுகளின் கடைசி அது. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் கார்டு மூலம் எனக்கு ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை பாஸ் செய்தால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு. வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் உலை. ஆரணியில் நான் புலி. பரீட்சைக்கு வேலூர் போனால் மட்டும் விரல் மரத்துப்போகும். அங்கே தறி ஏது? அறுபது மெஷின் அறுபது தாளத்தில் ஆலங்கட்டி மழையாகக் கொட்டும். இரண்டு தடவை கோட்டை விட்டேன்.

மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. அரசாங்கத்தைத் திட்டினார்.

"தப்பு உம்பேர்ல இல்லம்மா. பரீட்சைய எவனோ சத்தமே இல்லாத ரூம்ல குந்திகினு தயார் பண்ணிகிறான்."

பரீட்சை ஹாலில் ஒரு தறி, அதை ஓட்ட ஒரு நெசவாளர், அவருக்கு மதியச் சாப்பாடு என்று கேட்டு மூன்று பக்க மனு போட்டார். 'விதிகளில் இடமில்லை' என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். பதில் போட்டார்களே! அன்று முதல் பரீட்சை விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி பக்கம் பக்கமாகப் படித்தார். எங்களுக்குப் பிழை திருத்தக்கூட ஆளில்லை.

மூன்றாவது தடவை, ஆபீஸில் எனக்குக் கொடுத்த கடைசித் தடவை. வேலூர் பஸ்ஸில் மாஸ்டரும் ஏறினார். மடியில் துண்டு சுற்றிய டைப்ரைட்டர். என் மெஷின் மக்கர் பண்ணினால் மாற்றுக்கு இருக்கட்டும் என்று துணைக்கு வருகிறார் என நினைத்தேன். ஹாலுக்குள் என் பக்கத்து நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னா மாஸ்டர் இது! நீங்கதான் எப்பவோ ஹையர் பாஸாச்சே?"

"பாஸானவன் மறுபடி எழுதக் கூடாதுன்னு எந்த ரூல்லயும் இல்லம்மா. தேடித் தேடிப் பாத்துட்டேன். உனக்கு அடுத்தாப்பல நான் அப்ளிகேஷன் குடுத்தேன், அதான் பக்கத்து நம்பர். சும்மா பேஜார் பண்ணாம மெஷினப் பாரு."

மணி அடித்தது. ஆலங்கட்டி மழை தொடங்கியது. என் விரல்கள் வழக்கம்போல உறைந்தன. அப்போது பக்கத்து மெஷினிலிருந்து கேட்டது. டக்கடி-டக், டக்கடி-டக்.

வேலூர் ஹால் கரைந்துவிட்டது. மத்தியான வெயில், ஜன்னல், கீழே யாரோ தறியில் பாவு நூலைச் சரிசெய்துகொண்டே பேசும் குரல், எல்லாம் வந்துவிட்டன. விரல்கள் தாமாகப் போயின. எதை அடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சூப்பர்வைசர் பேப்பர் வாங்க வந்தபோதுதான் விழித்தேன். மாஸ்டரின் தாளைத் தூக்கிப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே எழுத்து.

"என்னய்யா இது?"

"பயத்துல கை நடுங்கிடுச்சிங்க சார்."

ரிசல்ட் வந்தது. என் எண் இருந்தது. அடுத்த எண் இல்லை. 'ஹையர் சொல்லிக் கொடுக்கிற மாஸ்டரே ஹையர்ல ஃபெயிலு' என்று ஆரணியே சிரித்தது. நாலு பேர் வேறு இன்ஸ்டிட்யூட்டுக்கு மாறினார்கள். அவர் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. நான் சொல்லப் போனபோதும் தடுத்துவிட்டார்.

"வுடும்மா. சிரிச்சா சிரிச்சிகினு போறாங்க. ஜல்தியா ஆபீஸுக்குக் கிளம்பு, லேட்டாவப் போவுது."

என் சர்வீஸ் புத்தகத்தில் ஹையர் பாஸ் என்று என் பெயரில்தான் எழுதியிருந்தது. ரிட்டையராகும் வரை அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கத்து எண்தான் ஞாபகம் வரும். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதைக் கடைசிவரை நான் அவரிடம் சொல்லவே இல்லை.