ஒயருக்கு மேட்சிங் பார்த்தவர்

திரும்புவதற்கு விளக்குப் போட்டால் ஹாரன் அலறும். பிரேக்கை மிதித்தால் வைப்பர் எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஹாரனை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்காது. முன்விளக்கு லேசாக மங்கும், அவ்வளவுதான்.

தையல்காரருடைய கார் அப்படி. அதற்கு அவரைவிட வயது கூட. "இப்படி ஒரு வண்டி வேற எங்கயும் பார்க்க முடியாது" என்று பெருமையாகச் சொல்வார். தெருக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள், வேறு குரலில்.

வாங்கிய அன்று அவரேதான் ஓட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு ஹாரன் ஹாரனாகவும் விளக்கு விளக்காகவும்தான் இருந்தன. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தவர் பதறிப்போனார். பழைய சொந்தக்காரன் கைக்குக் கிடைத்த ஒயர்களையெல்லாம் போட்டு ஒட்டுவேலை செய்து வைத்திருந்தான். பச்சைக்குச் சிவப்பு. மஞ்சளுக்கு ஊதா. நீலத்தோடு, பார்க்கவே சகிக்காத ஒரு காவி. சட்டைத்துணிக்கும் நூலுக்கும் நிறம் கொஞ்சம் விலகினாலே சோறு இறங்காத மனிதர் அவர். விடுவாரா? எல்லாவற்றையும் பிரித்து, பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று மேட்சிங் பார்த்து முடிச்சுப் போட்டார். மேலே டேப் சுற்றினார். பிசிறு வெட்டினார். நாலடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து அழகு பார்த்தார்.

அன்று பிடித்தது வண்டிக்குக் கிறுக்கு. அவரைக் கேட்டால், "வயசாச்சுல்ல, தடுமாறுது" என்பார். விடுமுறை தவறாமல் ரிப்பேர் நடக்கும். பேட்டரி மாறியது, ஃபியூஸ் மாறியது, பல்பு மாறியது. அந்த முடிச்சுகளை மட்டும் தொடமாட்டார். அவ்வளவு நேர்த்தியாக வந்த வேலையை யாராவது பிரிப்பார்களா?

அவர் மனைவிக்குத்தான் வயிற்றெரிச்சல். தைத்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. கார் வாசலில் நிற்கும், மூட்டை அவள் தோளில் போகும். ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டால், "முதல்ல ரிப்பேர் முடியட்டும்" என்பார். அந்த முடிச்சுகளைப் பிரித்துப் பாருங்கள் என்றால், "உனக்கென்ன தெரியும் ஒயரிங்கைப் பத்தி?" என்பார்.

ஒரு சனிக்கிழமை காலை, டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"வண்டியை வித்துரலாம்னு இருக்கேன்."

"எந்த வண்டியை?"

"நம்மகிட்ட என்ன ரயிலா இருக்கு? வாசல்ல நிக்கிறதைத்தான்."

"அது என் வண்டி!"

"வண்டி உங்களுது. வாசல் எனக்கும் சேர்த்துத்தானே? நாளைக்குச் சாயங்காலம் ஒருத்தர் பார்க்க வராரு."

தையல்காரர் சிரித்தார். "வரட்டுமே. விளக்குப் போட்டதும் ஹாரன் அடிக்கும். ஓடியே போயிருவாரு."

"அதையும் சொல்லிட்டேன். லைட்டு, ஹாரன் எப்படி இருந்தாலும் கவலை இல்லையாம். உள்ள ஒயரிங் மட்டும் பார்வையா இருக்கணுமாம். நிறத்துக்கு நிறம் சேர்த்து, பிசிறு இல்லாம, எங்க வீட்டுக்காரர் கைவேலைன்னு சொன்னேன். மனுஷன் சொக்கிப்போயிட்டாரு."

டீ அவருக்குப் புரையேறியது. அந்தக் கைவேலையை மனைவி பாராட்டியது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படுவதா, தலையில் கைவைப்பதா என்று தெரியவில்லை.

"அப்படி ஒண்ணும் பிரமாதமான வேலை இல்லம்மா அது."

"ஐயோ, அடக்கம்! இத்தனை நாளா பிரமாதம்னுதானே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க?"

"ஒருவேளை ஒயரிங் அலங்கோலமா இருந்தா?"

"திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாராம். ஆனா நம்மளுதுதான் அழகா இருக்கே!" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மதியம், அவள் மூட்டையோடு கிளம்பித் தெருமுனை திரும்பியதும் தையல்காரர் வண்டிக்குள் புகுந்தார். பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தார். டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். எப்படி அலங்கோலமாக்குவது என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாங்கி வந்த அன்று பார்த்த கோரம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அதைவிட அசிங்கமாக அவரால் கற்பனைகூடச் செய்ய முடியாது.

முதல் முடிச்சைப் பிரிக்கும்போது மனசு அடித்துக்கொண்டது. கல்யாணச் சட்டையைப் பிரிப்பதுபோல இருந்தது. 'உன்னைக் காப்பாத்தத்தான் செய்யறேன், மன்னிச்சுக்கோ' என்று வண்டியிடம் சொல்லிக்கொண்டார். பச்சையைக் கொண்டுபோய்ச் சிவப்போடு சேர்த்தார். குமட்டிக்கொண்டு வந்தது. மஞ்சளுக்கு ஊதா. நீலத்துக்குப் பக்கத்தில் அந்தக் காவியை வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். ஒரு இடத்தில் கை பழக்கதோஷத்தில் பிசிறு வெட்டப் போனது. கையைத் தட்டிவிட்டார்.

வேலை முடிந்து பேட்டரியை மாட்டிவிட்டு எட்டிப் பார்த்தார். பயங்கரமாக இருந்தது. பரம திருப்தி.

சாயங்காலம் அந்த ஆள் வந்தார். தொப்பி, தடித்த மீசை, தோளில் ஒரு பை. தையல்காரர் மாப்பிள்ளையை வரவேற்பதுபோல ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்க சார், முதல்ல ஒயரிங்கைப் பாருங்க. நல்லாக் குனிஞ்சு பாருங்க."

மீசைக்காரர் குனிந்து பார்த்தார். "என்னங்க இது, கண்றாவியா இருக்கு?"

"ரொம்பக் கண்றாவி சார்!" என்றார் தையல்காரர். சந்தோஷத்தில் குரல் கிறீச்சிட்டது. மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஏமாற்றம் கொஞ்சமும் இல்லை.

"வந்தது வந்துட்டீங்க, விளக்கையும் போட்டுப் பார்த்துருங்க சார்" என்றாள் அவள்.

"அதெல்லாம் எதுக்கு? பாவம், அவருக்கு நேரமாகுது" என்றார் தையல்காரர்.

மீசைக்காரர் சாவியைத் திருப்பிவிட்டு, திரும்பும் விளக்கைப் போட்டார். விளக்கு கண்ணடித்தது. ஹாரன் வாயைத் திறக்கவில்லை. பிரேக்கை மிதித்தார். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. வைப்பர் படுத்த இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசியாக ஹாரனை அழுத்தினார். அது முழுத் தொண்டையில் அலறியதில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

தையல்காரருக்கு வியர்த்துவிட்டது.

"இது... இது நிலைக்காது சார். என்னைக்கோ ஒருநாள் இப்படிப் பண்ணும். மழை பெய்ஞ்சா உள்ள ஒழுகும். சீட்டுல ஸ்பிரிங் குத்தும். மேட்டுல ஏறாது."

"பள்ளத்துல?" என்றார் மீசைக்காரர்.

"பள்ளத்துல நிக்காது!"

மீசைக்காரர் சிரித்துக்கொண்டே இறங்கினார். "வண்டி போதும்மா. தாராளமா ஓட்டலாம்" என்றார். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வண்டியின் பின்னால் கட்டினார். தையல்காரர் சுற்றிப் போய்ப் பார்த்தார். எல் போர்டு.

"இது எதுக்கு?"

"நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் சார். வீட்டுல சொல்லலையா? உங்க வண்டியிலயே பழகணும்னாங்க. லைட்டு, ஹாரன் சரியா இருந்தாத்தான் ரோட்டுல எடுப்பேன்னு சொல்லியிருந்தேன்."

அதற்குள் அவள் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அப்போ விக்கலையா?" என்றார் தையல்காரர். நிம்மதியில் கேட்டாரா அவமானத்தில் கேட்டாரா என்று அவருக்கே பிடிபடவில்லை.

"யாரு விப்பா? எனக்கு ஓட்ட வண்டி வேணும். வாங்குனப்போ இருந்த மாதிரி மாத்திக் குடுங்கன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்? அந்த முடிச்சைப் பிரிக்கச் சொன்னா நீங்க அசையமாட்டீங்க. கெடுக்கணும்னா ஒரே மத்தியானத்துல முடிச்சிருவீங்கன்னு தெரியும்."

"அப்படின்னா இத்தனை நாளா வண்டி படுத்தினதெல்லாம்..."

"உங்க மேட்சிங்தான்."

அவர் முன்சீட்டுக் கதவைத் திறந்தார். அங்கே வாத்தியார் உட்கார்ந்திருந்தார்.

"பின்னாடி ஏறுங்க" என்றாள் மனைவி, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து. "ஏறி, ரெண்டு கையையும் மடியில வச்சுக்குங்க."

வைத்துக்கொண்டார்.