உப்பு மிளகு வாங்கிய படகு

வண்டன்மேடு,
ஞாயிறு சாயங்காலம்

அணைக்கரையில் இருக்கும் மைத்துனர் வியாகப்பனுக்கு, உம்முடைய அக்காள் கணவன் கபிரியேல் எழுதுவது.

போன ஞாயிறு நான் கோயிலில் பூசை கண்டுகொண்டிருந்த நேரத்தில் நீர் என் கொட்டகைக்குள் புகுந்து, உத்திரத்தில் தொங்கிய சங்கிலிக் கப்பியைக் கழற்றி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனது தப்பு. போகிற போக்கில் என் வீட்டுக்காரியிடம், "அக்கா, கப்பி இல்லாம அத்தானால படகைப் புரட்ட முடியாது. இந்த வருசம் உங்க ஸ்டோருக்கு விறகுப் பஞ்சமே இல்ல" என்று சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.

இதைப் போனில் சொல்லலாம். சொன்னால் நீர் பாதியில் வைத்துவிடுவீர். காகிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது அங்கேயே கிடந்து உம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே நானும் உம்முடைய அக்காள் கத்தரீனாளும் மகன் ஜின்சனும் சுகம். உம்முடைய சுகத்தையும் மூட்டு வலியையும் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். மரியாதை முடிந்தது, இனி விஷயம்.

இந்தப் படகை நான் யாரிடமும் கற்றுக்கொண்டு கட்டவில்லை. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்பு பார்த்த மனிதனுக்குப் படகு எதற்கு என்று நீர் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொன்னேன்: காலமெல்லாம் புகையில் நின்றவனுக்குக் கொஞ்ச நாள் தண்ணீரில் உட்கார ஆசை. அஞ்சுருளியில் அணைத் தண்ணீர் கிடக்கிறது, என்னிடம் பலாப் பலகை கிடந்தது, கட்டினேன். உள்வேலை முழுதும் முடிந்து அடிப்பக்கம்தான் பாக்கி. பலகைச் சந்துகளில் நார் திணித்துத் தார் பூச வேண்டும், அதற்குப் படகைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்க்காமலே பூசிவிடலாம் என்று நான் அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். தார் என் மீசையில் சொட்டி, வலது பாதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இடது பாதி ஒரு தப்பும் செய்யாததால் அதை நான் எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் உம்முடைய அக்காள் கெடு வைத்தாள். "காய் பறிப்பு தொடங்குறதுக்குள்ள அது புரண்டு படுக்கலேன்னா, நான் அதை அடுப்புல படுக்க வச்சிருவேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள். போன வருஷம் என் நாற்காலியில் ஒரு கால் ஆடியதற்காக நல்ல கால்கள் மூன்றையும் சேர்த்து அடுப்பில் வைத்தவள். இதெல்லாம் தெரிந்துதான் நீர் கப்பியைக் கொண்டுபோனீர்.

கப்பி போனால் என்ன, தோள் இருக்கிறது என்று நினைத்தேன். நம் இராயப்பர் கோயில் திருவிழாச் சப்பரத்தைத் தோளில் தூக்குகிற ஆட்களைவிட நல்ல தோள் இந்த மலையில் யாருக்கு உண்டு? அவர்களுக்கு மூத்தவனான ஜோமோனைப் பார்த்துச் சொன்னேன். இன்று காலை பூசை முடிந்ததும் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். திட்டம் சின்னது. இரண்டு நீள மூங்கிலைப் படகின் அடியில் கொடுத்து, இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசையாகத் தூக்கி, கொட்டகையிலிருந்து முற்றத்துக்குக் கொண்டுவந்து, நான் பரப்பி வைத்திருந்த சாக்குகளின் மேல் புரட்டிப் போட வேண்டும். அவ்வளவுதான். எல்லோரும் ஒன்றாக மூச்சுப் பிடிக்க ஒரு தாளம் இருந்தால் நல்லது என்று பக்கத்து வீட்டுச் சங்கையா காலித் தார் டின்னை எடுத்துத் தட்டத் தொடங்கினான். அங்கேதான் காரியம் கெட்டது. தோளில் மரம், காதில் கொட்டு, இரண்டும் சேர்ந்தால் அந்த ஆட்களின் காலுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். படகு முற்றத்துக்கு வந்தது, சாக்கைத் தாண்டியது, கேட்டைத் தாண்டியது, சப்பரம் போகிற பாதையில் திரும்பிவிட்டது.

"எலே ஜோமோனு, எங்கடா போறீங்க? புரட்டுங்கடா!"

"தோள்ல ஏறியாச்சு மாமா. இனி கோயிலைச் சுத்தி வந்துதான் எறக்கணும். நடுவுல எறக்கப்பிடாது."

"அது சாமிக்குடா! இது படகு!"

"தோளுக்கு அது தெரியுமா மாமா?"

சங்கையாவை நிறுத்தச் சொன்னேன். "கொட்டை நிறுத்தினா கால் பின்னிக்கிட்டு விழுந்துருவானுகய்யா. படகு போயிரும், பாத்துக்கோ" என்று இன்னும் பலமாக அடித்தான். நான் அரை மீசையோடு பின்னால் ஓடினேன். அதற்குள் முதல் வீட்டுச் சிசிலி கண்ணாடி போடாமல் வாசலுக்கு வந்து, திருவிழாவை முன்னாலேயே வைத்துவிட்டார்கள் போல என்று உள்ளே ஓடி, சப்பரத்துக்கு நேர்ச்சையாகப் போடுகிற உப்பும் மிளகும் அள்ளி வந்து சிலுவை போட்டுப் படகுக்குள் எறிந்து முழங்கால் வலிக்காக வேண்டிக்கொண்டாள். ஒரு வீடு போட்ட பிறகு அடுத்த வீடு போடாமல் இருக்குமா? படகு என்று தெரிந்தவர்களும் போட்டார்கள். யாரோ முன்மூக்கில் செவ்வந்தி மாலையை மாட்டினார்கள். மொக்கையன் தன் பேத்தியைத் தூக்கிப் படகு மேல் மூன்று தடவை காட்டி வாங்கினான். பின்னால் ஏலத்துக்கு மூட்டை ஏற்றிப்போன ஜீப்புகள் வரிசையாக நின்றன, ஒருத்தனும் ஹாரன் அடிக்கவில்லை. ஜின்சன் எடுத்து அனுப்பிய வீடியோவில் இதெல்லாம் சரியாகத் தெரியாது. அவன் சிரித்ததில் போன் ஆடிவிட்டது.

இப்படிக் கோயிலைச் சுற்றி என் வீட்டுக்கே திரும்பி வந்தது. கொட்டுச் சத்தம் கேட்டு, பறிப்புக்காக அடுப்பைத் தயார் செய்துகொண்டிருந்த உம்முடைய அக்காள் ஸ்டோரிலிருந்து சாம்பல் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அடுப்புப் புகையில் கண் எரிய, மாலையையும் தோள்களையும் மட்டும் பார்த்தாள். சிலுவை போட்டாள். சமையல்கட்டு ஜாடியிலிருந்து கைகொள்ளாமல் உப்பும் மிளகும் கொண்டுவந்து போட்டாள். போட்ட பிறகுதான் பார்த்தாள்.

"எம்மா! இது நம்ம படகுல்ல!"

"ஆமா. உப்பு போட்டுட்டே. இனி கோடாலியை எடு பாப்போம்."

மைத்துனரே, அந்த முகத்தை நீர் பார்த்திருக்க வேண்டும். "உப்பு மிளகு வாங்குனதை நான் அடுப்புல வைக்க மாட்டேன். போங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்குள் போய்விட்டாள். கெடு அத்தோடு செத்தது.

புரட்டியதையும் கேளும். "சாய், உருட்டு, தள்ளு" என்று நான் கத்தியது ஒன்றும் அந்த ஆட்களின் காதில் ஏறவில்லை. அப்போதுதான் எனக்கு உதித்தது. கோயில் வாசலில் சப்பரத்தை வணங்க வைக்க முன்வரிசை முழங்காலிடுமே, அது! சாக்கு இடது பக்கம் இருக்கும்படி படகை நிறுத்தி, "இடது வரிசை மட்டும், முழங்கால்!" என்று ஒரு சத்தம் போட்டேன். இடது வரிசை ஒரே ஆளாக மண்டியிட்டது. வலது வரிசை அசையாமல் நின்றது. படகு தூக்கத்தில் புரண்டு படுக்கிற பிள்ளை மாதிரி மெல்லச் சரிந்து, குனிந்த தலைகளைத் தாண்டிச் சாக்கில் இறங்கி, வயிற்றை வானத்துக்குக் காட்டிப் படுத்தது. ஒரு பலகை விரியவில்லை. ஊர் போட்ட உப்பும் மிளகும் இடது வரிசையின் தலையில் கொட்டி எல்லோரும் சேர்ந்து தும்மியதுதான் சேதம். நான் கவிழ்ந்த படகின் மேல் ஏறி உட்கார்ந்து, மத்தியானச் சோறு வரைக்கும் இறங்கவில்லை. தார் இனி மேலிருந்து கீழே சொட்டட்டும், மீசை மேலே இருக்கிறது.

ஆகவே நடக்க வேண்டியவை. கப்பியை நீர் கொண்டுவந்து, கழற்றிய உத்திரத்தில் நீரே மாட்ட வேண்டும். அக்காளிடம் சொன்ன விறகுப் பேச்சை என் முன்னால் திருப்பி எடுக்க வேண்டும். விறகுக்கு ஜின்சன் வேறு வழி பார்க்க வேண்டும். சங்கையா என் டின்னை நெளிவெடுத்துத் தர வேண்டும். சிசிலி கண்ணாடி போட வேண்டும். நான் நார் திணித்துத் தார் பூசுவேன். பறிப்பு முடிந்ததும் அஞ்சுருளியில் மீன் பிடித்து உமக்கும் கொடுத்தனுப்புவேன்.

உம்முடைய வீட்டாரையும் பிள்ளைகளையும் இராயப்பர் காக்கட்டும், உம்மைக் கொஞ்சம் திருத்தவும் செய்யட்டும்.

இப்படிக்கு,
தோற்காத அத்தான்
கபிரியேல்

பின்குறிப்பு: உறை தேடி எழுந்தபோது பங்குச் சாமியார் ஜோமோனோடு வந்தார். படகைத் தட்டிப் பார்த்து, "மீன்பிடிச்ச இராயப்பருக்குப் படகுலயே சப்பரம்! ஊரே கேக்குது கபிரியேல்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் உம்முடைய அக்காள், "எடுத்துக்கிடுங்க சாமி. உப்பு மிளகு வாங்குனதுல மீன் குடலைப் போடப்பிடாதுல்ல?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் ஜெயித்த அதே நியாயத்தை என் தலையிலேயே போட்டாள். ஆகவே மேலே எழுதியதில் மீன் வரியை அடித்துவிடவும். விறகுப் பேச்சைத் திருப்பி எடுக்க வேண்டாம். கப்பியை மட்டும் உடனே கொண்டுவரவும், திருவிழாவுக்குள் படகை நிமிர்த்தியாக வேண்டும். போன காற்றில் உம்முடைய தோட்டத்தில் சாய்ந்த பலாவில் யாரும் கோடாலி வைக்கக் கூடாது. அதை ஜின்சன் ஏற்றி வருவான். அந்தப் பலகையில் அடுத்த படகை நான் கவிழ்த்து வைத்தே கட்டுவேன். நிமிர்த்துவது உம்முடைய வேலை.