லினக்ஸில் அடித்த மனு

பாஸ்வேர்டை நான்காவது முறையாக அடித்தாள் அருணாதேவி. திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் சாவகாசமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

வேங்கிக்காலில் அரசு அலுவலகத்துக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருப்பவளுக்குத் திங்கட்கிழமை என்றால் தீபாவளி. அன்றுதான் மனு நாள். அருணா அடித்த மனுவில் ஓர் எழுத்து பிசகாது என்று பன்னிரண்டு வருடமாகப் பெயர். அந்தப் பெயருக்குத்தான் இந்தத் திங்கட்கிழமை ஆபத்து வந்திருந்தது.

முந்தாநாள் வரை கம்ப்யூட்டர் முக்கி முனகியாவது ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து வந்த கொழுந்தன் பிரசாத்துக்குத்தான் அது பொறுக்கவில்லை. "லினக்ஸ் போட்டுத் தரேன் அண்ணி. வைரஸ் வராது, செலவும் கிடையாது" என்று பழைய மென்பொருளைச் சுத்தமாக வழித்தெறிந்துவிட்டுப் புதியதைப் போட்டான். போட்ட கையோடு பஸ்ஸும் ஏறிவிட்டான். பிரிண்டரை எழுப்ப அடிக்க வேண்டிய கட்டளையை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். அதுதான் பாஸ்வேர்டு கேட்டது.

கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டிய அருணாதேவி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ பிடித்துப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினாள். அதிலும் புள்ளி விழவில்லை. பிரசாத்துக்குப் போன் போட்டாள்.

"தம்பி, கீபோர்டையே மாத்திட்டேன். பாஸ்வேர்டு விழவே மாட்டேங்குது."

"அது வெளியில தெரியாது அண்ணி. தெரியற மாதிரி நெனச்சுக்கிட்டு அடிச்சுட்டு என்டர் தட்டுங்க."

"இத நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கேக்கலையே!"

பிரிண்டர் விழித்துக்கொண்டது. வாசலில் அதற்குள் ஒன்பது பேர். முதல் ஆளாகக் கீழ்பென்னாத்தூர் பக்கத்து எல்லம்மாள் நின்றாள். அவள் வேர்க்கடலை போட்டிருக்கும் கொல்லையில் மின்கம்பம் ஒன்று சாய்ந்து, கம்பி ஆள் உயரத்தில் தொங்குகிறது. கூலிக்கு யாரும் கொல்லையில் இறங்க மாட்டேன் என்கிறார்கள். இதுவரை ஆறு மனு கொடுத்தாகிவிட்டது.

"இந்த வாரம் புடுங்கலைனா மல்லாட்ட மண்ணுக்குள்ளயே மொளச்சுடும் கண்ணு. நல்லா ஒறைக்கிற மாதிரி அடி."

"அடிச்சுடலாம்கா" என்று, பிரசாத் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த பழைய மனுவைத் திறந்தாள் அருணாதேவி. திருவண்ணாமலை இருக்க வேண்டிய இடத்தில் jpUtz;zhkiy என்று இருந்தது. கீழேயும் முழுக்க அதே கூத்துதான்.

"தம்பி! ஊர் பேரே ஜே, பி, யூ-னு வருதுடா!" பதற்றத்தில் மரியாதை பறந்துவிட்டது.

"பழைய தமிழ் ஃபான்ட் அதுல இல்ல அண்ணி. பென் டிரைவ்ல இருக்குது, காப்பி பண்ணிப் போடுங்க."

எங்கே போடுவது என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வரிசையில் நாலு பேர் அடுத்த கடைக்கு நழுவினார்கள். கடைசியில் திரையில் தமிழ் பளிச்சென்று வந்தபோது, மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்கு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். விவரத்தையும் போன் நம்பரையும் மளமளவென்று அடித்துப் பிரிண்ட் கொடுத்தாள். எல்லம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. சூடாக வந்த தாளில் கைநாட்டை வைத்து, மடித்து எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அடுத்த தாளை வாங்கிய பெரியவர் மூர்த்தி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, ஜே, பி, யூ-னு ஆரம்பிக்குது?"

அருணாதேவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் தமிழ், தாளில் அதே கூத்து! விழுந்தடித்துச் சாலையைக் கடந்தாள். எதிரே எல்லம்மாள் வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தாள்.

"குடுத்துட்டேன் கண்ணு! சீல் குத்தி வாங்கி வச்சுக்கினாங்க. நீ நல்லா இருக்கணும்!"

அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அருணாதேவிக்கு மனம் வரவில்லை. எல்லம்மாளும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க அருணாதேவிக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் மண்ணுக்குள் வேர்க்கடலை முளைத்தது. சனிக்கிழமை ஆள் வைத்து லினக்ஸை அடியோடு பிடுங்கிவிட்டுப் பழையதையே போடச் சொன்னாள்.

திங்கட்கிழமை கடையைத் திறந்தபோது வாசலில் எல்லம்மாள். பின்னால் ஊர்க்காரர்கள் பத்துப் பேர். அவர்கள் வாய் திறப்பதற்குள் அருணாதேவி முந்திக்கொண்டாள்.

"அக்கா, அந்த மனுல ஒரு தப்பு நடந்துபோச்சு..."

"தப்பா? செவ்வாக்கெழமயே ஆபீசர் போன் போட்டாரு! மனுவ ஒருத்தராலயும் படிக்க முடியலயாம், நம்பரு மட்டும்தான் புரிஞ்சுதாம். 'நேர்ல வந்து வாயால சொல்லும்மா'ன்னாரு. நாற்காலி போட்டு உக்கார வச்சுக் கேட்டாரு. வியாழக்கெழம கம்பம் நிமுந்துடுச்சு, மல்லாட்ட வூடு வந்து சேந்துடுச்சு!"

அருணாதேவிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது. உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இனிமே அந்தத் தொந்தரவே இல்லக்கா. பழையபடி மாத்திட்டேன். எல்லாருக்கும் பளிச்சுனு தமிழ்லயே அடிச்சுத் தரேன்!"

எல்லம்மாள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, வேணாம் கண்ணு! இவங்க எல்லாம் வருசக்கணக்கா புரியற மாதிரி மனு குடுத்து அலுத்துப்போய் வந்திருக்காங்க!"