ராஜினாமா அண்ணாச்சியின் ஆணி

ஒரே கம்பெனியிலிருந்து அதிகத் தடவை வேலையை விட்ட மனிதர் இந்த உலகத்தில் ராஜினாமா அண்ணாச்சியாகத்தான் இருக்க வேண்டும். யாராவது போட்டிக்கு வந்தால் சொல்லுங்கள். சாட்சிக்கு ராஜபாளையத்திலிருந்து ஒரு பேக்கிங் செக்‌ஷனையே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது என் சமையலறைத் தரையில். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரு ஊறுகாய் பாக்கெட். 'இங்கே கிழிக்கவும்' என்று அம்புக்குறி போட்ட இடத்தில் கிழித்தேன். கிழியவில்லை. எதிர்ப்பக்கம் இழுத்தேன், பல்லால் கடித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகத் தாங்கிக்கொண்ட அது, நான் எதிர்பார்க்காத ஒரு மூலையில் வாயைத் திறந்து, லேப்டாப் மீது எண்ணெயைத் துப்பியது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். கண்ணோரம் துளிர்க்கும் நாகரிகமான அழுகை இல்லை. மூக்கு ஒழுகும் அழுகை. நடுவில் சத்தமாக, "நான் வேலைய விடுறேன்" என்றேன். கேட்டுக்கொண்டிருந்தது கேஸ் சிலிண்டர் மட்டும்.

இப்போது நான் ஒரு சென்னைக் கம்பெனிக்கு அறையில் இருந்தபடியே வேலை செய்கிறேன். கூமாப்பட்டியில் அம்மா வீட்டில் மலைக்காற்று வரும், நெட் வராது. ஆகவே ராஜபாளையத்தில் ஒரு மாடி அறை. சில நாட்களில் எனக்குக் கிடைக்கும் ஒரே மனிதக் குரல், "மேடம், பார்சல், கீழ வாங்க" என்பதுதான். அதற்காகவே சில சாமான்களை ஒன்றாக வாங்காமல் தனித்தனியாக ஆர்டர் போடுகிறேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டியதில்லை, சொல்லிவிட்டேன்.

இதற்கு முன்னால் நான் இருந்தது ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியின் ஆபீஸில். படிப்பு முடிந்த கையோடு சேர்ந்த முதல் வேலை. அங்கே ஸ்டோர் இன்சார்ஜ் ராஜினாமா அண்ணாச்சி. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா, மூன்றும் எழுதாது.

பெரிய கஷ்டம் எதுவும் அவரை அசைக்காது. ஒரு மழையில் குடோன் தகரம் பிய்த்துக்கொண்டு போய், அடுக்கி வைத்த துணிக் கட்டுகள் எல்லாம் நனைந்தன. முதலாளி தலையில் கைவைத்து, தன் வீட்டுப் பாஷையான தெலுங்கில் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, "துணிதான, காஞ்சிரும்" என்று சிரித்தபடி தார்ப்பாய் இழுத்தார். லாரி ஒன்று பின்பக்கமாக வந்து கேட்டைப் பெயர்த்தபோது டிரைவருக்குத் தண்ணீர் கொடுத்தவரும் அவரே.

ஆனால் செலோடேப் முனை கிடைக்காவிட்டால் முடிந்தது கதை. நகத்தால் சுரண்டுவார். உருட்டுவார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒருவழியாகக் கிடைத்த முனை ஓரமாக, நூல் மாதிரி கிழிந்து வரும். அப்போது அவர் கத்த மாட்டார். தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது போல அந்த டேப்பை மேஜையில் வைப்பார். இடுப்பிலிருந்து ஸ்டோர் சாவிக்கொத்தை எடுத்து, காலண்டர் பக்கத்து ஆணியில் மாட்டுவார்.

"கணக்க முடிச்சிருங்க. நமக்கு இது ஒத்து வராது."

அவ்வளவுதான். நடந்துபோய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிடுவார்.

காரணங்களில் முதலிடம் டீயில் மிதக்கும் பால் ஆடைக்கு. உதட்டில் அது ஒட்டிய நொடியில் அவர் முகம் போகும் போக்கைப் பார்த்தால், தேளைக் கடித்துவிட்டாரோ என்று தோன்றும். அதற்கடுத்து ஃபேனின் 'டிக்' சத்தம், தினசரிக் காலண்டரில் இரண்டு தாள் சேர்ந்து கிழிவது, பேனாவை வாங்கிக்கொண்டு மூடியை மட்டும் திருப்பிக் கொடுப்பவர்கள்.

முதலாளி இதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். அண்ணாச்சி போனதும் யாரும் கூப்பிடக் கூடாது, போன் போடக் கூடாது. ஆணியில் இருக்கும் சாவியைத் தொடக் கூடாது. அவர் நாற்காலியில் உட்காரக் கூடாது. அவருடைய எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, தட்டு போட்டு மூடி வைக்க வேண்டும். மூன்று மணி வாக்கில் அண்ணாச்சி வருவார். கையில் பால்கோவா பொட்டலம். அதை நடு மேஜையில் வைத்துவிட்டு, சாவியை எடுத்து இடுப்பில் செருகி, டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். ஒரு கேள்வி கிடையாது. நாங்கள் ஆளுக்கு ஒரு கிள்ளு எடுத்து, திவச வீட்டுச் சாப்பாடு போல மௌனமாகத் தின்போம்.

இந்த மௌனத்துக்குள் ஒரு சதியும் இருந்தது. பேக்கிங் செல்வி அக்காவுக்கு இனிப்பு ஆசை வந்தால், டீக்காரரிடம் மெதுவாகச் சொல்வாள். "அண்ணாச்சி டீய மட்டும் செத்த நேரம் ஆற வச்சுக் குடுங்க." ஆடை படியும். மூன்று மணிக்குப் பால்கோவா வரும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. முதலாளி மூட்டு ஆபரேஷனுக்கு மதுரை போனார். அவர் மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து பொறுப்பெடுக்க வந்தார். நல்ல மனிதர், எல்லோரையும் சார் என்பார், கூட்டிப் பெருக்குகிறவரையும். வந்த வாரமே விரல்ரேகை வருகைப் பதிவு மெஷின் ஒன்றை வாசலில் மாட்டினார். அதற்குள் ஒரு பெண் குரல்.

எங்கள் விரலுக்கெல்லாம் அது நன்றி சொன்னது. அண்ணாச்சி விரலுக்கு மட்டும், "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது. துடைத்து வைத்தார். ட்ரை அகெய்ன். வேறு விரல் வைத்தார். ட்ரை அகெய்ன். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது.

"ட்ரை பண்ணிக்கிட்டுத்தானம்மா இருக்கேன்" என்றார் அண்ணாச்சி அந்தக் குரலிடம், மிகத் தன்மையாக. அது மறுபடியும் சொன்னது. அவர் நேராக உள்ளே போய்ச் சாவியை ஆணியில் மாட்டினார். "கணக்க முடிச்சிருங்க."

நாங்கள் வழக்கம்போல அவரவர் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். மாப்பிள்ளை சார் எழுந்தார். கை கொடுத்தார்.

"உங்க முடிவ மதிக்கிறேன் சார். ஆல் த பெஸ்ட்."

அந்த நிமிடம் வரை அவருடைய ராஜினாமாவை யாரும் ஏற்றுக்கொண்டதில்லை. அண்ணாச்சி குலுக்கப்பட்ட தன் கையைப் பார்த்தபடியே வெளியேறினார்.

மாப்பிள்ளை சார் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. சாவியை எடுத்துத் தன் டிராயரில் போட்டார். நாற்காலியை மீட்டிங் அறைக்கு அனுப்பினார். மூன்று மணிக்கு அவர் வருவார் என்று கேட்டதும், கணக்கு வாங்கத்தான் என்று நினைத்து, பிரிவு உபசாரத்துக்காக ஒரு சால்வையும் ஒரு கேக்கும் வரவழைத்தார். கேக்கில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் எங்களில் பாதிப் பேருக்கு அண்ணாச்சியின் நிஜப்பெயரே தெரிந்தது. இது வேண்டாம் சார் என்று செல்வி அக்கா எவ்வளவோ சொன்னாள். "எமோஷனலா இருக்கீங்க, புரியுது" என்றுவிட்டார்.

மூன்று மணிக்கு அண்ணாச்சி வந்தார். ஆணி காலியாக இருந்தது. நாற்காலி இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக, கொஞ்சம் வெளுப்பாக. நடு மேஜையில் கேக். மாப்பிள்ளை சார் கைதட்ட ஆரம்பித்தார், நாங்கள் என்ன செய்வது என்று தெரியாமல் கூடத் தட்டினோம். அண்ணாச்சி பால்கோவாப் பொட்டலத்தைக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார். சால்வைக்குக் குனிந்து தோளைக் கொடுத்தார். எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அன்றைக்குப் பால்கோவாவை யாரும் தொடவில்லை, செல்வி அக்கா உட்பட.

அடுத்த நாள் மூன்று மணிக்கு எல்லோரும் வாசலைப் பார்த்தோம். அதற்கடுத்த நாளும். அவர் போன் அணைந்து கிடந்தது. மனைவி தவறிப் போனவர். மகன் ராணுவத்தில், வடக்கே எங்கோ. நாங்கள் தவிர அவரைப் பார்க்கிற ஆள் யாரென்று யோசித்தால், பஸ் கண்டக்டர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

கடைசியில் செல்வி அக்கா மதுரை ஆஸ்பத்திரிக்கே போன் போட்டாள். முதலாளி போனை மாப்பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார். ஸ்பீக்கர் அணையாததால் எல்லோருக்கும் கேட்டது.

"மாப்ள, நீங்க பெரிய படிப்பு. தப்பா நெனைக்காதீக. அந்தச் சாவிய ஆணியில மாட்டிருங்க, நாற்காலிய அங்கனயே போடுங்க. டம்ளர்ல தண்ணி ஊத்தி மூடி வைங்க. பொறவு யாரும் ஒண்ணும் பேசாதீக."

செய்தார். ஆனால் சாவி ஆணிக்கு வந்தது அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்? கூப்பிடக் கூடாது என்பது சட்டம். செல்வி அக்கா என்னைத்தான் அனுப்பினாள். "கூப்பிட்டுறாத, ஏட்டி. சும்மா பாத்துட்டு வா."

ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணாச்சி வீட்டில் சால்வை மிக்ஸிக்குப் போர்வையாகியிருந்தது. இருந்த ஒரே நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, டீ போட்டு, இரண்டு தடவை வடிகட்டிக் கொடுத்தார். காலையில் குக்கர் விசில் ஃபிரிட்ஜுக்கு அடியில் உருண்டுவிட்டதாம். கம்பு விட்டால் இன்னும் உள்ளே போனதாம்.

"இந்த வீடே வேண்டாம்னு பூட்டிட்டுப் போயிட்டேன் பிள்ள. பஸ் ஸ்டாண்டுல செத்த நேரம் இருந்தேன். திரும்பி வந்து தொறந்தா, வச்சது வச்ச மாதிரியே இருக்கு."

"நல்லதுதான அண்ணாச்சி."

"என்ன நல்லது. நான் போனது யாருக்குமே தெரியலயே." டீ வடிகட்டியைக் கழுவிக்கொண்டே, "ஆபீஸ்னா டம்ளர மூடி வச்சிருப்பீக" என்றார்.

நான் மீதி டீயைக் குடித்து முடித்தேன். எழுந்து செருப்பைப் போடும்போது, யாருக்கோ சொல்வது போலத்தான் சொன்னேன். "சாவி சும்மாவே ஆணியில தொங்குது. துருப் பிடிச்சிரும் போல."

அவர் தெருவைப் பார்த்தார். "எண்ணெய் கிண்ணெய் போட்டீகளா?"

"இல்ல அண்ணாச்சி."

"அதான" என்றார்.

மறுநாள் காலையில் அவர் வரவில்லை. எங்களுக்கு மனசு விட்டுப்போனது. மூன்று மணிக்கு வந்தார், பொட்டலத்தோடு. முதலில் வாசல் மெஷினில் விரல் வைத்தார். குரல் வரவில்லை. அதன் வாய்க்குக் குறுக்கே யாரோ செலோடேப் ஒட்டியிருந்தார்கள். பிரிப்பதற்குச் சுலபமாக முனையை மடித்து வேறு விட்டிருந்தார்கள். அண்ணாச்சி அந்த மடிப்பைத் தடவிப் பார்த்தார். மாப்பிள்ளை சார் கம்ப்யூட்டரை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவி இடுப்புக்குப் போனது. யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை சார்தான் முதல் கிள்ளு எடுத்தார்.

பிறகு வேறு இடத்தில் கூடுதல் சம்பளம் கிடைத்ததும் நான்தான் அங்கிருந்து வந்துவிட்டேன். என்னுடையது நிஜ ராஜினாமா. மெயிலில் அனுப்பியது, மூன்று மணிக்குத் திரும்பாதது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தரையில் உட்கார்ந்தபடியே, ஊறுகாய்க் கையோடு, அண்ணாச்சிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "அண்ணாச்சி, நான் வேலைய விட்டுட்டேன். பாக்கெட் கிழியல." அவர் கேட்டுவிட்டார் என்று போன் காட்டியது. பதில் இல்லை. அவருக்கும் என்ன, மூன்று பேனா, ஒரு ஆபீஸ், ஆயிரம் வேலை என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு, கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

சாயங்காலம் ஒரு போட்டோ வந்தது. நான் முன்னால் உட்கார்ந்திருந்த மேஜை. அதன் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர், தட்டு போட்டு மூடியிருந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை.

நாளைக்கு மத்தியானம் லேப்டாப்பை மூடிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறப் போகிறேன். மடவார் வளாகம் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அரைக்கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு, மூன்று மணிக்குக் கம்பெனி வாசலில் இறங்குவதாகத் திட்டம். அண்ணாச்சி ஒன்றும் கேட்க மாட்டார், ஒரு கிள்ளு எடுத்துக்கொள்வார். பாலில் படியும் ஆடையைக் கிளறிக் கிளறித்தான் பால்கோவா ஆகிறது என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. நானும் சொல்ல மாட்டேன்.