பேருந்து வந்தமைக்கு நன்றி

பீர்க்கன்கரணை ஏரிக்கரை மூன்றாவது குறுக்குத் தெருவின் அகலம் பதினைந்து அடி. அதில் நாற்பத்தாறு வீடு, ஒரு பிள்ளையார் கோயில், ஏழு நாய், ஓரத்தில் என்னுடைய பிளெக்ஸ் பேனர் கடை. இருபத்தைந்து வருடமாக எந்த அதிகாரியும் எங்களைத் திரும்பிப் பார்த்ததில்லை. எங்களையும் கொஞ்சம் கவனியுங்கள் என்று நாங்கள்தான் வருடா வருடம் மனுப் போட்டுக்கொண்டிருந்தோம். போன வருடம் கவனித்துவிட்டார்கள்.

மெயின் ரோட்டில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே குவித்தார்கள். வழி அடைத்துக்கொண்டது. ஆகவே, "பொதுமக்களின் நலன் கருதி, சோதனை அடிப்படையில், பதினைந்து நாட்களுக்கு" மெயின் ரோட்டுப் போக்குவரத்து முழுவதும் எங்கள் தெருவுக்குள் திருப்பிவிடப்பட்டது. முதலில் ஷேர் ஆட்டோ வந்தது, பிறகு தண்ணி லாரி, பிறகு ஸ்கூல் வேன். கடைசியில் ஒரு மினி பஸ்ஸே வந்தது.

வேறு தெருவாக இருந்தால் மறியல் செய்திருப்பார்கள். எங்கள் தெருவில் எல்லோரும் படித்தவர்கள். நலச் சங்கச் செயலாளர் ராஜகோபால் சார் நேராக என் கடைக்கு வந்தார்.

"பிரசன்னா, பெரிய சைஸ்ல ஒரு பேனர். 'எங்கள் தெருவைப் பேருந்துச் சாலையாகத் தரம் உயர்த்திய அதிகாரிகளுக்கு நெஞ்சார்ந்த நன்றி.' கீழ எல்லார் போட்டோவும் கைகூப்பின மாதிரி வரணும்."

"தற்காலிகம்னு போர்டு வெச்சிருக்காங்களே சார்."

"நன்றி சொன்னதுக்கு அப்புறம் எந்த முகத்தோட திருப்பி எடுப்பாங்க? பஸ் ரூட்னு ஆயிட்டா கிரவுண்டு என்ன விலைக்குப் போகும்னு யோசிச்சியா?"

யோசித்தேன். எனக்கும் அங்கே அரை கிரவுண்டு மனை இருக்கிறது. என் படத்தை மூன்றாவது வரிசையில் வைத்துக்கொண்டேன்.

நாற்பத்தோரு பேர் படம் கொடுத்தார்கள். கேட்டும் கொடுக்காதவர் சவுரிமுத்து அண்ணன் ஒருவர்தான். வண்டலூர்ப் பக்கம் ரயில்வே லெவல் கிராசிங்கில் முப்பத்திரண்டு வருடம் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே கேட் திறந்து மூடிய மனிதரால் இப்போது சொந்த வீட்டுக் கேட்டைத் திறக்க முடியவில்லை.

அதற்கு எங்கள் பக்கத்து வழக்கமும் ஒரு காரணம். உள்ளே ஓரடி இடம் வீணாகக் கூடாது என்று எல்லோரும் கேட்டைத் தெருப்பக்கம் திறக்கிற மாதிரிதான் வைப்போம். தெரு நமக்குச் சொந்தமில்லாவிட்டாலும் இலவசம். அண்ணனுடைய கேட் ஒற்றைக் கதவு, எட்டடி இரும்பு. எதிரே மின்கம்பம் வேறு. அதைத் திறந்தால் ஒரு ஸ்கூட்டர் நுழையும் இடம்தான் மிச்சம் இருக்கும். பஸ்ஸும் லாரியும் ஒட்டிக்கொண்டு நிற்கும் தெருவில் அவர் எப்படித் திறப்பார்? ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குக்கூட காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்துத்தான் போனார். வயது அறுபத்தாறு.

பதினைந்து நாள் இரண்டு மாதமானது. அப்போதுதான் எல்லோருக்கும் நோட்டீஸ் வந்தது. உட்தெருவாக இருந்த எங்கள் தெரு பேருந்து வழித்தடச் சாலையாக மறுவகைப்பாடு செய்யப்பட்டதால், சொத்து வரி இனி இரண்டு மடங்கு.

ராஜகோபால் சார், சவுரிமுத்து அண்ணன், நான், மூவரும் வரி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே அனுப்பிரியா மேடம் இருந்தார். மரியாதையான பெண்மணி. உட்காரச் சொன்னார், நாற்காலிதான் இல்லை.

"உங்க தெருவுல பஸ் ஓடுதா சார்?"

"ஓடலம்மா," என்றார் அண்ணன். "நின்னுகினு கீது."

"நின்னாலும் அது பஸ்தானே சார்?"

"டெம்பரரின்னு போலீஸ் போர்டு இருக்கு மேடம்," என்றார் ராஜகோபால் சார்.

"போர்டு அவங்களோடது. வரி எங்களோடது. எங்க பதிவேட்டுல தற்காலிகம்னு ஒரு கட்டம் இல்ல சார்."

"அப்டின்னா அந்த மெயின் ரோட்ல இப்போ பஸ் போகல. அவங்களுக்கு வரிய கொறைச்சீங்களா?" ராஜகோபால் சார் விடவில்லை.

"அது ஏற்கனவே பஸ் ரோடு சார். ஒருவாட்டி ஏறினா இறங்க விதியில வழியில்ல."

"ரோடே இல்லம்மா. வெறும் பள்ளம்தான் கீது."

"பள்ளம் எங்க சார் இருக்கு? பஸ் ரோட்டுலதானே?"

ராஜகோபால் சார் கடைசியாக, எங்கள் தெரு பேருந்துச் சாலை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டிருக்கக் கூடாது. மேடம் கோப்பிலிருந்து ஒரு கலர் பிரிண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். என் பேனர். அச்சு நன்றாகவே வந்திருந்தது.

"நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே சார். நாற்பத்தோரு பேர் கும்பிட்டு வேற நிக்கிறீங்க."

அண்ணன் குனிந்து பார்த்தார். "இதுல என் மூஞ்சி கீதா பாரும்மா."

"தெருவே ஒத்துக்கிட்டப்போ தனித்தனியா மூஞ்சி பாக்க முடியாது சார். ஆட்சேபணை எழுதிக் கொடுங்க. கள ஆய்வுக்கு வரேன்."

சொன்னபடி வந்தார். தெரு முனையில் நாற்பது நிமிடம் நெரிசலில் மாட்டி, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். அண்ணன் வீட்டு வாசலில் மினி பஸ் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர், "கேட்காரர் வூடெல்லாம் எறங்கு," என்று கத்தினார். இறங்கியவர்கள் சுவர்மேலிருந்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார்கள். மேடம் எழுதிக்கொண்டார்: பேருந்து நிறுத்தம் உள்ளது, குடிநீர் வசதி உள்ளது.

"வெயில்ல தவிக்கிறாங்களேன்னு நான் வெச்ச பானைம்மா அது."

"நல்ல மனசு சார். படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல."

போக்குவரத்து மிகுந்த முக்கியச் சாலை என்று குறிப்பெழுதிவிட்டு அவர் போய்விட்டார். எனக்கு அன்று உண்மையிலேயே வயிறு எரிந்தது. சவுரிமுத்து அண்ணன் சுவர் ஏறி உள்ளே போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, தெரு காலியாக இருந்த நேரத்தில், அண்ணன் தன் கேட்டைத் திறந்தார். முழுதாகத் திறந்து, கீழே ஒரு கல்லை முட்டுக்கொடுத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆறரைக்கு வந்த மினி பஸ் நின்றது. அதன் பின்னால் லாரி நின்றது. எட்டு மணிக்கெல்லாம் வரிசை ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் போனது.

போலீஸ்காரர் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்தார். "யோவ், கேட்டை மூடு."

"என் வூட்டு கேட்ட நான் தொறக்கக் கூடாதா சார்?"

"எப்ப மூடுவ?"

"வண்டி வர்ற வரைக்கும் தொறந்து வெக்கிறது, வண்டி வந்தா மூடறதுன்னு முப்பத்திரண்டு வருசம் இருந்தாச்சு. இப்போ ரிட்டயர்டு சார்."

மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். பேச்சுவார்த்தை நடந்தது, எச்சரிக்கை வந்தது. வீட்டுக் கேட் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதைக் கேட்க வேண்டிய துறை எது என்பதில் துறைகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வந்தது. நான்காம் நாள், பொதுமக்களின் நலன் கருதி, போக்குவரத்து அடுத்த தெருவுக்குத் திருப்பிவிடப்பட்டது.

எங்கள் தெருவில் குருவி கத்துகிற சத்தம் கேட்டது. அண்ணன் தன் டிவிஎஸ் வண்டியை வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு பூசைக்குப் போனார். சந்தோஷத்தில் எங்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ராஜகோபால் சார் கடைக்கு வந்தார். "இரைச்சலை அகற்றி எங்கள் தெருவை அமைதிப் பூங்காவாக மாற்றிய அதிகாரிகளுக்கு நெஞ்சார்ந்த நன்றி." இந்த முறை நடுவில் சவுரிமுத்து அண்ணன் படம், ஆளுயரத்துக்கு. அவரும் மறுக்கவில்லை. ஸ்டூடியோவுக்குப் போய்த் தலைவாரிப் படமெடுத்து, கைகூப்பியபடி கொடுத்தார்.

பேனர் கட்டிய பத்தாம் நாள் அனுப்பிரியா மேடம் தானே நோட்டீஸ் கொண்டுவந்தார். இரைச்சலற்ற உயர்தரக் குடியிருப்புப் பகுதியாக எங்கள் தெரு மறுவகைப்பாடு செய்யப்பட்டிருந்தது.

"பஸ்ஸுதான் பூட்ச்சேம்மா," என்றார் அண்ணன். "பழைய வரி?"

"பஸ் ரோடு வரி அப்படியே இருக்கும் சார். ஏறினது இறங்காதுன்னு அன்னிக்கே சொன்னேனே. இது அமைதிக்குத் தனியா." கலர் பிரிண்டை எடுத்துக் காட்டினார். "இந்தத் தடவை உங்க மூஞ்சி நல்லா தெரியுது சார்."

அண்ணன் என் கடையில் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார்கள். கையில் கவர் நிறையப் போட்டோ.

"எங்க தெருவுக்கு பஸ் வந்திருச்சுங்க. ஒரு நன்றி பேனர் வேணும்."

அண்ணன் எழுந்தார். "சொன்னா கேளுங்கப்பா. இன்னா வேணா பண்ணுங்க, மூஞ்சிய மட்டும் குடுக்காதீங்க."

அவர்களில் ஒருவர் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "அவங்க தெருவுல பஸ் பூட்ச்சில்ல, அந்த வயித்தெரிச்சல்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்பதுபோல் பார்த்தார். எனக்கும் இரண்டு வரி ஏறியிருக்கிறது, கட்டியாக வேண்டும்.

"எத்தனை போட்டோ சார்?" என்று கேட்டேன்.