சிங்காரவேலு போட்ட சட்டம்

“இந்த மேசையில இன்னொருத்தன் உளி பட்டுதுன்னா என் பேரு சிங்காரவேலு இல்ல!”

அகிலாண்டம் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படிப் பேரை அடகு வைப்பதும், அவள் மீட்டுக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது.

விஷயம் இதுதான். நில உச்சவரம்புச் சட்டம் வந்த புதுசு. வலங்கைமான் பக்கத்தில் அறுவடைக் கூலித் தகராறு முற்றி, கதிர் தலை சாய்ந்தும் அரிவாள் வயலில் இறங்கவில்லை. பண்ணையார் துரைராசு வீட்டுக்குப் போனால் நிற்கவைத்துப் பேசுவார் என்று சங்கத்துக்காரர்கள் போக மறுத்தார்கள். சங்கக் கொட்டகைக்குள் காலெடுத்து வைக்கப் பண்ணையார் மறுத்தார். இரண்டு பக்கமும் சேராமல் சொந்தக் கையால் உழுது பிழைக்கிறவர் சிங்காரவேலு. அவர் வீட்டில் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதென்று முடிவாயிற்று.

மேசை இருந்தது. பழைய நெல் பத்தாயத்துப் பலகையில் செய்தது. ஓரமெல்லாம் சிராய். அதில் சிவப்புத் துண்டு மாட்டிக் கிழிந்தாலும் வம்பு, சரிகைத் துண்டு மாட்டிக் கிழிந்தாலும் வம்பு. சுற்றிலும் வழவழப்பாக மரச்சட்டம் அடித்துவிட்டால் தீர்ந்தது.

“ஐயாவு ஆசாரியக் கூப்பிடுங்களேன்.”

“எதுக்கு? நாலு சட்டம், நாலு மூலை. நேர்மூலையில சரிபாதி சாய்ச்சு அறுக்கணும். ரெண்டு முனையும் கைகூப்பினாப்பல சேர்ந்துக்கும். நான் கணக்குல புலி!”

“புலி ரம்பம் புடிச்சு நான் பாத்ததில்லைங்க.”

புலி கொல்லைக்குப் போய் ரம்பம் பிடித்தது. முதல் சட்டத்தின் இரண்டு முனையும் ஒரே பக்கம் சாய்ந்தன. வைத்துப் பார்த்தால் ஒரு முனை மேசையைப் பார்த்தது, மறு முனை மாட்டுக்கொட்டகையைப் பார்த்தது. அடுத்ததில் சாய்வு சரி, ஆனால் உள்ளளவுக்கு அறுத்துவிட்டார். வெளிப்பக்கம் விரற்கடை குறைந்தது. மிச்சத்தை எப்படியோ ஒப்பேற்றிப் பொருத்தினால், மூலையில் பல்லி குடும்பம் நடத்தலாம் போல ஒரு சந்து. அதை அடைக்க இந்தப் பக்கம் தள்ளினார். அந்தப் பக்கம் வாய் பிளந்தது.

அகிலாண்டம் மோர் கொண்டுவந்தாள்.

“என்னங்க, மூலை பொருந்தலியா?”

“மரம் சரியில்ல.”

“மூலைக்கு மரம் சரியில்ல. மூளைக்கு?”

“ஏய்!”

“கோவப்படாதீங்க. சட்டம்னா ஓட்டை இருக்கத்தானே செய்யும்? உச்சவரம்புச் சட்டத்துல இருந்த ஓட்டையில பண்ணையாரு ஒரு களத்து மேட்டையே நொழச்சுட்டாரு. உங்க சட்டத்துல பல்லிதானே நொழையுது!”

“நீ போய் வேலையப் பாரு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் காட்டுறேன்.”

“முடிங்க. நான் பின்தெரு மெஹராஜ் அக்கா வீட்டுல நாளைக்கு நாற்காலி கேட்டுட்டு வர்றேன்.”

அவள் தலை மறைந்ததுதான் தாமதம். சிங்காரவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாழைத் தோப்புக்குள் புகுந்து, வாய்க்கால் கரையோடு ஓடி, ஐயாவு ஆசாரியைக் கையோடு இழுத்து வந்தார்.

“அண்ணே, வீட்டுக்காரிக்குத் தெரியவே கூடாது!”

“நான் வாயத் தொறக்க மாட்டேன் தம்பி. ரம்பத்த ஒண்ணும் பண்ண முடியாது, அது கத்தும்.”

கத்தியது. ஆனால் மளமளவென்று வேலை நடந்தது. ஆசாரி புதுச் சட்டம் நாலையும் அறுத்து, வஜ்ரப் பசை தடவி, ஆணி அடித்து, இழைத்துவிட்டு, வந்த வழியே போய்ச் சேர்ந்தார். சிங்காரவேலு தலையில் ஒரு பிடி மரத்தூளைப் போட்டுக்கொண்டு, களைத்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

அகிலாண்டம் வந்தாள். மூலையைத் தடவினாள்.

“ஆத்தாடி! நீங்களா பண்ணீங்க?”

“பின்னே, பூதமா வந்து பண்ணிச்சு?”

“தலையில தூளு இருக்கு, கையில காணுமே?”

“கழுவிட்டேன்.”

“நல்லாக் கழுவிட்டீங்க,” என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை பண்ணையார் வந்தார். சங்கத்து வீரையன் ஆட்களோடு வந்தார். எல்லா நாற்காலியும் ஒரே உயரம். யார் முதலில் உட்காருவது என்று நின்றுகொண்டே இருந்தார்கள். இங்கேயும் கூடி வரவில்லை என்றால் அத்தனை கதிரும் வயலிலேயே உதிர்ந்துபோகும், அறுப்புக்கு ஆள் கிடைக்காமல் சிங்காரவேலுவுடையதும் சேர்த்து.

பண்ணையாரின் கை தற்செயலாக மேசை மூலையில் பட்டது. தடவினார். குனிந்து பார்த்தார்.

“அட, சேர்த்த இடமே தெரியலியே! வீரையன், இதப் பாத்தீங்களா?”

‘பாத்தீங்களா’ என்ற சொல் காதில் விழுந்ததும் வீரையன் சட்டென்று நிமிர்ந்தார். பிறகு அவரும் தடவினார்.

“ஆமாங்க. மயிரிழை நொழையாது. உட்காருங்க, பேசுவோம்.”

உட்கார்ந்தார்கள். கத்தினார்கள், மேசையைக் குத்தினார்கள், அகிலாண்டத்தின் காப்பியைக் குடித்தார்கள். உச்சிக்குள் கூலி நெல் பேசி முடிந்தது. மறுநாளே அறுப்பு. வீரையனின் ஆட்கள் வாசலில் சீட்டியடித்தார்கள்.

“மேச யாரு செஞ்சது?” என்றார் பண்ணையார்.

சிங்காரவேலு வாயைத் திறப்பதற்குள் அகிலாண்டம் முன்னால் வந்தாள்.

“இவருதாங்க! ஒத்த ஆளா, தன் கையாலயே!”

சிங்காரவேலுவின் நெஞ்சு ஒரு சாண் விரிந்தது.

“அப்ப எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் அடிச்சுக் குடுங்க.”

“சங்கத்துக்கும் ஒண்ணு வேணும்ணே,” என்றார் வீரையன்.

விரிந்த நெஞ்சு சுருங்கியது. “எனக்கு... அறுப்பு வேலை...”

“அத நான் பாத்துக்குறேன். கட்டாயம் செஞ்சு தருவாருங்க!” என்றாள் அகிலாண்டம்.

எல்லோரும் போனதும் சிங்காரவேலு குமுறினார். “ஏண்டி இப்படி மாட்டிவிட்ட?”

“மெஹராஜ் அக்கா வீட்டு வேலியோரம் நின்னா நம்ம கொல்ல பளிச்சுன்னு தெரியுங்க. கவலப்படாதீங்க, நேத்தே ஆசாரிகிட்ட சொல்லிட்டேன். நாளையிலேருந்து வயலுக்கு நான், பட்டறைக்கு நீங்க.”

“நெசமாவே சொல்லித் தருவாராமா?”

“தருவாராம். மொத ஒரு மாசம் மரத்தூளக் கூட்டுறதுதான் பாடமாம்.”