பேர்வேண்டாம்

கட்சிகளுக்குப் பணம் கொடுப்பவர்களில் ஓர் இனம் உண்டு. பணத்தை இரண்டு கையாலும் அள்ளிக் கொடுக்கும்; பெயரைக் கேட்டால் மட்டும் நெளியும். எங்கள் பக்கத்தில் இந்த இனத்தைப் 'பேர்வேண்டாம்' என்போம். உங்கள் பக்கத்திலும் ஒன்று இருக்கும், பாருங்கள்.

பாவம், கூச்ச சுபாவம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்லும் பேர்வேண்டாம் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். அரசு மருத்துவமனைக்கு ஒரே ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தார். சாயுமிடத்தில் பெயர், கைப்பிடி இரண்டிலும் பெயர். நோயாளி உட்கார்ந்தால் பாதி மறைகிறதே என்று தூக்கம் கெட்டுப்போய், கால் வைக்கும் பலகையிலும் எழுதச் செய்து, அதைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிய பிறகுதான் ஓய்ந்தார். அதே மருத்துவமனைக்கு ஐந்து மாடி கட்டப்போகிறார்கள் என்றதும் ஆளுங்கட்சியின் தேர்தல் செலவுக்குக் கொட்டிக் கொடுத்தாரே, அப்போது?

"நமக்கெதுக்குங்க விளம்பரம்?"

எவ்வளவு அடக்கம்!

ஒரு வரம்புக்கு மேல் கொடுத்தால் கொடுத்தவர் பெயரைக் கட்சி வெளியிட வேண்டும் என்பது சட்டம். அதனால் என்ன? மாத்திரையை உடைப்பதுபோல் தொகையைத் துண்டு துண்டாக உடைத்தார். மனைவி பெயரில் ஒன்று, மச்சினன் பெயரில் ஒன்று, ஓட்டுநர் பெயரில் ஒன்று, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அம்மா பெயரில் ஒன்று.

யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். விசாரிக்க அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா 'அது என் பணமில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஐந்து மாடியும் கைவிட்டுப் போகும்.

அம்மாவுக்கோ முதுகெல்லாம் படுக்கைப் புண். ஒருக்களித்துப் படுக்கவைத்தாலும் வலி. காற்று மெத்தை வாங்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்து மாதக்கணக்காகிறது. 'இப்ப கை இறுக்கம்மா' என்று மகன் தள்ளிக்கொண்டே வந்தார்.

"அம்மா, கட்சிக்கு நன்கொடை குடுத்தது நீங்கதானா?" என்று கேட்டார் அதிகாரி.

அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நின்று மகன் 'ஆமாம்னு சொல்லு' என்பதுபோல் தலையைத் தலையை ஆட்டினார்.

"எவ்வளவுன்னு போட்டிருக்கு தம்பி?"

அதிகாரி தொகையைச் சொன்னார்.

"அடேயப்பா! டேய், அது உன் பணமா, என் பணமா? சார் கேக்கறாருல்ல, சொல்லு."

"உன்... உன் பணம்தாம்மா."

"அப்ப மெத்தை கேட்டா ஏண்டா கை இறுக்கம்னே?"

"நாளைக்கே வாங்கிடறேம்மா."

"தம்பி, வயசாயிடுச்சா, எனக்கு ஞாபகமே சரியில்ல. நீங்களும் நாளைக்கே வாங்களேன்."

பேர்வேண்டாம் அங்கேயே கைபேசியை எடுத்தார். கடைக்காரர் மாலைக்குள் அனுப்புவதாகச் சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

"இப்ப ஞாபகம் வந்துடுச்சு. எழுதிக்குங்க தம்பி, நான்தான் குடுத்தேன்."

அதிகாரி எழுதிக்கொண்டு போனார். காகிதத்தில் எல்லாம் சுத்தம். அம்மா மகனைப் பார்த்து, "அடுத்த தேர்தல் எப்படா வருது? நல்ல சக்கரக் கட்டில் ஒண்ணு வேணும்" என்றார்.

சிரிக்கிறீர்களா? கட்சிகள் தங்கள் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும் என்று ஒரு பெண் உங்கள் தெருவில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாளே, நினைவிருக்கிறதா? அவளை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, நாட்டுக்கு இப்போது வெளிப்படைத்தன்மைதான் தேவை என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, "ஆனா என் பேரு மட்டும் வெளிய வராம பாத்துக்கம்மா" என்றது யார்?